தோல் வேலை ஸ்டார்ட்டர் கிட்: எதை வைத்துக்கொள்வது, எதைத் தீட்டுவது, எதை ஓரங்கட்டுவது

ஆன்லைனில் "லெதர் கிராஃப்ட் டூல் கிட்" என்று தேடினால் ஒரே பொருள் பத்துப் பதினைந்து பெயர்களில் வந்து நிற்கும். ஒரு கேன்வாஸ் சுருள் அல்லது கருப்பு ஜிப் பை, உள்ளே முப்பதிலிருந்து அறுபது உருப்படி வரை. விலை சுமார் ரூ.1,500-இல் தொடங்கி ரூ.3,500 வரை போகும். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அச்சு. கிருஷ்ணகிரி, தருமபுரி பின்கோடுகளுக்குத் தடையில்லாமல் வந்து சேர்கிறது. அதனால் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளாமல் இந்த வகை கிட்டையே மொத்தமாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவோம். பொழுதுபோக்காகத் தோல் வேலை தொடங்க நினைப்பவர் இதை வாங்கலாம். ஆனால் வந்த அன்றே பிரித்துத் தோலில் வைத்தால் காசு தண்டம். இந்த கிட்டில் கத்தி என்று பெயர் போட்டு வரும் எதுவும் கத்தியாக வருவதில்லை, கத்தி வடிவத்தில் இரும்பாக வருகிறது. அதைக் கத்தியாக்குவது வாங்கியவர் பொறுப்பு. கூடவே வரும் தோல் துண்டு பெரும்பாலும் இந்த வேலைக்கே ஆகாது. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் அறுபதில் பத்துப் பன்னிரண்டு உருப்படி பல வருஷம் உழைக்கும். மீதி எண்ணிக்கை காட்டுவதற்காகப் போட்டது.

துளைக்கும் சிசல்

கிட்டில் பணத்துக்கு மதிப்பான உருப்படி எதுவென்றால் தையல் துளை போடும் டைமண்ட் சிசல் செட்தான். 1, 2, 4, 6 பல் என்று நான்கு இருக்கும். பல்லுக்குப் பல் 4 மி.மீ. இடைவெளி. பெல்ட், பை வார், கத்தி உறை மாதிரி தடித்த வேலைக்கு இந்த இடைவெளி பொருந்தும். பர்ஸ், கார்டு ஹோல்டர் தைத்தால் தையல் சாக்குத் தையல் மாதிரி அகன்று தெரியும். அதற்கு 3 அல்லது 3.38 மி.மீ. இடைவெளி சிசலைத் தனியாக வாங்க வேண்டும். 3.38 என்று ஏன் இப்படி ஒரு விநோத எண் என்றால், அது பழைய பிரெஞ்சு அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கு. அந்த அங்குலம் நம் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரியது, 27 மி.மீ.க்குச் சற்று மேல்.

பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் அரம் போட்ட கோடுகளும், நுனியில் ரோமம் மாதிரி பிசிரும் தெரியும். பலர் "தோலில் சிசல் மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் தோல் கூடவே எழும்புகிறது, துளை ஓரம் பிய்கிறது" என்று எழுதுவதற்குக் காரணம் இந்தக் கோடுகள்தான். அடிக்கும்போது நுனி கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே வரும்போது சொரசொரப்பான பக்கங்கள் நாரைப் பிடித்து இழுக்கும். இதற்கு மருந்து: 1000 எண் வாட்டர் பேப்பரைச் சமதளத்தில் விரித்து, சிசலின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பல்லின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் புதுக் கோடு விழும், பழைய குருடி கதவைத் திறடி என்ற கதை. கோடு மறைந்ததும் 2000-இல் ஒரு சுற்று. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள சந்துக்கு, வாட்டர் பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுக்கலாம். நுனியைத் தொடாதீர்கள். ஒரு பல் அரை மி.மீ. குட்டையானாலும் அந்தத் துளை மட்டும் பின்பக்கம் வராது, கடைசிவரை தொல்லை. முடிந்ததும் தேன்மெழுகுக் கட்டியில் நான்கைந்து முறை குத்தி எடுத்தால் சிசல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வேலை நடுவிலும் இருபது முப்பது அடிக்கு ஒரு முறை இதைச் செய்யலாம்.

அடிக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பற்கள் நுனியிலிருந்து மேலே போகப் போக அகலும். ஒரு இடத்தில் பலமாகவும் இன்னொரு இடத்தில் மெதுவாகவும் அடித்தால் துளை ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக இருக்கும். பின்பக்கம் நுனி 1 மி.மீ. எட்டிப் பார்த்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போது முதல் பல்லைக் கடைசித் துளையிலேயே வைத்து அடித்தால் இடைவெளி பிசகாது. வளைவு வந்தால் 2 பல் சிசலுக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்து 4 மி.மீ.க்கு மேல் போனால், ஒரே அடியில் துளைக்க நினைக்காமல் மேல் அடுக்கைச் சிசலாலும் கீழ் அடுக்கைக் குத்தூசியாலும் துளைப்பது நல்லது. சிசல் கொஞ்சம் சாய்ந்தாலும் பின்பக்கத் துளை வரிசை பாம்பாக நெளியும்.

இரும்புச் சுத்தியால் அடிக்கக் கூடாது. தலை சப்பிப்போய் விளிம்பு சிதறும். கிட்டில் வரும் நைலான் சுத்தி லேசானது என்றாலும் ஆரம்பத்துக்குப் போதும். தலைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஆட்டம் இருந்தால் கழற்றி, எப்பாக்ஸி போட்டு இறுக்கிவிடுங்கள். அடியில் வைக்க வெள்ளைப் பிளாஸ்டிக் காய்கறிப் பலகை ஒன்று பாத்திரக்கடையில் கிடைக்கும், அதைவிட நல்லது எதுவும் வேண்டாம். கிட்டில் உள்ள உள்ளங்கை அளவுப் பச்சை மேட் சிசல் அடி வாங்க ஏற்றதல்ல, ஒரு வாரத்தில் பொத்தல் விழும்.

தீட்டுவதற்கு நம் ஊர்க் கல்

இந்த விஷயத்தில் கிருஷ்ணகிரிக்காரருக்கு உள்ள வசதி வெளியூர்க்காரருக்குக் கிடையாது. தோல் வேலைக்குக் கனமான, சமமான கல் பலகை ஒன்று அவசியம். மேலைநாட்டுக்காரர்கள் இதற்கென்று கல் பலகை வாங்க அலைகிறார்கள். இங்கே கிரானைட் பாலிஷ் யூனிட் வாசலில் "அண்ணா, ஒரு அடிக்கு முக்கால் அடி கட்டிங் பீஸ் இருக்குமா?" என்று கேட்டால் குவியலைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சமையல் மேடைக்குப் போடும் 18 முதல் 20 மி.மீ. தடிமன் துண்டு போதும். பாலிஷ் பக்கம் மேலே. எடுக்கும்போது இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். வெட்டிய விளிம்பை 80 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடாவிட்டால் கை கிழியும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் மேசையில் நகராது, சத்தமும் அடங்கும்.

இந்த ஒரே கல் மூன்று வேலை பார்க்கும். ஈரமாக்கிய வாட்டர் பேப்பரை மேலே ஒட்டவைத்தால் தீட்டுக்கல். பிளாஸ்டிக் பலகையை மேலே வைத்தால் அடிமேடை. வெறுமனே விட்டால் தோல் ஓரத்தைச் சீவும் மேடை. வெட்டுவதை மட்டும் நேராகக் கல் மேல் செய்யக் கூடாது, கத்தி முனை ஒரே இழுப்பில் போய்விடும்.

இப்போது கிட்டின் சீவுகத்திக்கு வருவோம். தோலின் ஓரத்தைச் சரிவாகச் சீவி மெலிதாக்கத்தான் இந்தக் கத்தி. மடிக்கும் இடமும் ஒட்டும் இடமும் தடிக்காமல் இருக்க இது தேவை. வரும்போது இதன் முனைக்கோணம் சுமார் 30 டிகிரி இருக்கும். அந்தக் கோணத்தில் தோல் சீவப்படாது, கசங்கும். 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். கோணமானி தேடத் தேவையில்லை. கத்தித் தகடு 1.5 மி.மீ. தடிமன் என்றால், தீட்டிய சரிவின் அகலம் 3 மி.மீ. இருக்கும்போது கோணம் 30 டிகிரி. அதே சரிவு 4.5 மி.மீ. அளவுக்கு அகன்றால் 20 டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் சரிவே இல்லாத பின்பக்கம். முனையை ஒட்டிய ஒரு செ.மீ. பகுதியை 600, 1000, 2000 என்று வரிசையாகத் தேய்த்து முகம் தெரியும்வரை கொண்டுவாருங்கள். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுவார்கள். அப்புறம் சரிவுப் பக்கத்தை மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வரவில்லை என்பார்கள். முனை என்பது இரண்டு தளம் சந்திக்கும் கோடு, ஒரு தளம் மேடு பள்ளமாக இருந்தால் அந்தக் கோடும் அப்படித்தான் இருக்கும். அடுத்து சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கருப்பு பூசி, 320-இல் நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. முனையோரம் மை அப்படியே நின்றால் கத்தியை இன்னும் நிமிர்த்தலாமா என்று கை அரிக்கும். நிமிர்த்தாதீர்கள். முனைக்கு எதிரே உள்ள சரிவின் மேல்விளிம்பைத் தேய்த்து இறக்கிக்கொண்டே வந்தால் முனை தானாகத் தொடும். பின்பக்கம் விரலை வைத்துத் தடவினால் முனை முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். ஒரு இடத்தில் தட்டுப்படாவிட்டால் அந்த இடம் இன்னும் மழுங்கல். பிசிர் வந்த பிறகுதான் 600, 1000, 2000-க்குப் போக வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே மாறினால் பளபளப்பான மொட்டைக் கத்திதான் கிடைக்கும்.

கடைசியில் தோல் பட்டையில் இழுப்பது. சலூனில் ஒரு காலத்தில் சவரக்கத்திக்குச் செய்த அதே வேலை. பிளைவுட் துண்டில் வெஜ் டேன் தோலை (மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது) ஒட்டி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு. கத்தியை முனை பின்னால் வரும்படி மட்டும் இழுக்க வேண்டும், பக்கத்துக்கு முப்பது இழுப்பு. இழுப்பு முடியும் இடத்தில் கத்தியைத் தூக்கித் திருப்பும் பழக்கம் வந்தால் முனை உருண்டுவிடும். நிறுத்தி, நேராக எடுத்து, பிறகு திருப்புங்கள். வேலை நடுவில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பட்டையில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டிய நாள் தள்ளிப்போகும்.

இவ்வளவு செய்தும் கிட் கத்தியின் இரும்பு மெத்தென்றே இருக்கும், கூர் நீண்ட நேரம் நிற்காது. இதற்கு மாற்று ஓசூர்ப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரும்பு வெட்டும் பவர் ஹேக்சா மெஷினில் போட்டுத் தேய்ந்த பிளேடைப் பட்டறையில் கேட்டு வாங்கி, 10 செ.மீ. நீளத்துக்கு உடைத்து, கிரைண்டரில் சரிவு பிடிக்கச் சொன்னால் அருமையான சீவுகத்தி தயார். முழுவதும் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பைமெட்டல் என்றால் பல் ஓரம் மட்டும்தான் கடினம், மற்ற இடம் சாதா இரும்பு. ஹெச்எஸ்எஸ்ஸில் இன்னொரு லாபம், கிரைண்டரில் சூடாகி நிறம் மாறினாலும் கடினம் போகாது. கிட் கத்தியைக் கிரைண்டரில் காட்டி முனை நீலம் பாய்ந்துவிட்டால் அதோடு அந்த முனை செத்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளிகள் வைத்திருக்கும் அகல உளியும் இந்த வேலைக்குத்தான். நல்ல கடினமான இரும்பில் அடித்தது, விலையும் கம்மி. அதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஜப்பான் கத்தி இறக்குவது அவரவர் ஆசை.

நேர்வெட்டுக்குக் கிட் கத்தியே வேண்டாம். 18 மி.மீ. அகலமுள்ள கட்டர், இரும்பு ஸ்கேல், ஒரே அழுத்தாக இல்லாமல் மூன்று நான்கு மெல்லிய இழுப்பு. மழுங்கினால் முனையை ஒடித்துவிடலாம், தீட்டும் தொல்லையே இல்லை.

தோல்: கிட்டின் பெரிய ஓட்டை

கிட்டுக்குள் ஒரு தோல் துண்டு இருக்கும், கூடவே பூ, இலை, கோடு அச்சு பதிக்க இருபது ஸ்டாம்பு. இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டவருக்குத் தோல் வேலை தெரியாது என்றே சொல்ல வேண்டும். ஸ்டாம்பு பதிவது ஈரமாக்கிய வெஜ் டேன் தோலில் மட்டும். உள்ளே வரும் துண்டு பெரும்பாலும் குரோம் டேன் (குரோமிய உப்பில் பதனிட்டது), அதிலும் சில சமயம் கீழடுக்கு ஸ்பிளிட் மேல் பிளாஸ்டிக் பூச்சு. அதில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அச்சு பஞ்சு மாதிரி எழும்பி மறைந்துவிடும். கை சரியில்லை என்று ஆரம்பக்காரர்கள் நொந்துபோவது இங்கேதான்.

எது என்ன தோல் என்று கண்டுபிடிக்கச் சில வழி உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் வெஜ் டேன். சாயம் ஊடுருவிய கருப்புத் தோலில் இது தெரியாது. பூச்சு இல்லாத வெஜ் டேன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சி அந்த இடம் கருக்கும். எல்லாவற்றிலும் நிச்சயமான சோதனை கொதிநீர். நகத்தளவு துண்டை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் போடுங்கள். வெஜ் டேன் சுருண்டு விறைத்துச் சிறுத்துவிடும், ஏனென்றால் அது 70 - 85 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநிலையையும் தாங்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். எரித்துப் பார்க்கும் முறையைச் சொல்பவர்கள் உண்டு. குரோம் தோலை எரிப்பது உடம்புக்கு நல்லதல்ல, தண்ணீர் இருக்கும்போது தீ எதற்கு.

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு தோலையும் ஆன்லைனில் வாங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். பர்கூர், நாட்றம்பள்ளி தாண்டினால் வாணியம்பாடி, அதற்கடுத்து ஆம்பூர், சென்னை நெடுஞ்சாலையில் ஒரே நேர்கோடு. தருமபுரிப் பக்கத்தவர் மொரப்பூரில் ரயிலேறினால் ஜோலார்பேட்டை தாண்டி அதே ஊர்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே ஓடுவது முக்கியமாக ஷூ மேல்தோலும் லைனிங்கும், குரோம் டேன் சரக்கு. பை, பர்ஸ், மென்மையான உறைகளுக்கு மிக நல்லது. ஷூ கம்பெனிகளில் கழிந்த துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கும் கடைகள் கை பழகுவதற்கு வரப்பிரசாதம். ஸ்டாம்பு பதிக்க, ஓரம் தேய்த்துப் பளபளப்பாக்க, பெல்ட் செய்ய வெஜ் டேன் வேண்டும் என்றால் சென்னை பெரியமேட்டுக் கடைகளில் கேட்கலாம். குதிரைச் சேணம், பெல்ட் வேலைக்கான கான்பூர் எருமைத் தோலும் அங்கே வரும். எருமைத் தோலில் நார் கரடு, முகப்பில் பெரிய மயிர்க்கண்கள், விலை மலிவு. முதல் பெல்ட்டுக்குத் தாராளமாகப் போதும், நுணுக்கமான ஸ்டாம்பு வேலைக்கு ஆகாது.

திருச்சி, திண்டுக்கல் பக்கம் பேர்போன "ஈ.ஐ. தோல்" என்றொரு வகை உண்டு. கிழக்கிந்தியத் தோல் என்று வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பெயர், இன்றைக்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. முன்பு இதற்கு ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடிப்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டுக்கு நாம் ஒடித்துவரும் அதே ஆவாரை. பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. இளம்பழுப்பு நிறம், இளகிய கை. பர்ஸ் உள்பக்கத்துக்கும் நோட்டு உறைக்கும் இதைவிட இதமான தோல் அந்த விலையில் இல்லை. இதைப் பார்த்தால் விடாதீர்கள்.

வெஜ் டேன் என்றால் "முழுக்க இயற்கை, பாவமே இல்லை" என்று விற்கிறார்கள். எந்தப் பதனிடுதலுக்கும் உப்பும் சுண்ணாம்பும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும். டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. வாங்கிய தோலை வீணாக்காமல் வெட்டுவதுதான் நம்மால் முடிந்த மரியாதை.

கடையில் தோலைச் சதுர அடியில் விற்பார்கள், பின்பக்கம் எண் எழுதியிருக்கும். ஆட்டுத் தோல் ஒன்று பெரும்பாலும் 4 முதல் 6 சதுர அடி இருக்கும். தடிமனை மி.மீ.யில் கேட்டு வாங்குங்கள். கார்டு ஹோல்டருக்கு வெளித்தோல் 1.2, உள் அறைகள் 0.8 இருந்தால் மூன்று அடுக்கு சேர்ந்தும் சட்டைப் பையில் உப்பாது. சாவிக்கொத்துக்கு 2, தோள்பை வாருக்கு 2.5 முதல் 3, பெல்ட்டுக்கு 3 முதல் 4. வாரும் பெல்ட்டும் முதுகெலும்புக்கு இணையாக, முதுகுப் பகுதியில் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபடும், நாலு மாசத்தில் பெல்ட் கொக்கி வடிவத்துக்கு வந்துவிடும். கடைக்காரர் தள்ளுபடியில் தள்ளுவது வழக்கமாக இந்த வயிற்றுத் துண்டைத்தான். மடித்துப் பிசைந்து பாருங்கள், முகப்பில் தளர்ந்த சுருக்கம் விழுந்தால் வேண்டாம்.

அச்சு பதிக்க நனைக்கும்போது ஸ்பாஞ்சால் முகப்பை ஒரே சீராக ஈரப்படுத்தி, நிறம் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், அதுதான் பதம். சித்திரை வெயிலில் தருமபுரியில் இந்தப் பதம் ஐந்து பத்து நிமிஷம்கூட நிற்காது, வேலை செய்யாத பாதியைப் பாலித்தீன் போட்டு மூடிக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: போர் தண்ணீரில் இரும்பு இருந்தாலோ குழாய் துருப்பிடித்திருந்தாலோ ஈரத்தோலில் கருப்புப் புள்ளிகள் வரும். பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்தால் மை. இதே காரணத்தால் ஈரத்தோல் மேல் இரும்பு ஸ்கேல், கத்தரி எதையும் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும்.

மற்ற உருப்படிகள்

ஓரம் மழிக்கும் பெவலர் நல்ல சாமான், ஆனால் தீட்டாமல் வரும். அதன் வாய் குழிவாக இருப்பதால் கல்லில் தீட்ட முடியாது. குழிவுக்குப் பொருந்தும் மெல்லிய கம்பி அல்லது டிரில் பிட்டின் தண்டில் 1000 எண் வாட்டர் பேப்பரைச் சுற்றி, உள்ளே வைத்துப் பின்னோக்கி இழுங்கள். பிறகு பச்சைக் கட்டி தடவிய சணல் கயிற்றை அதே குழிவில் ஓட்டுங்கள். சீவல் நூலாக, அறுபடாமல் வந்தால் சரி. பொடிப்பொடியாக வந்தால் இன்னும் கூர் ஏறவில்லை. 1.2 மி.மீ. தோலுக்குக் கீழே இதைத் தொடவே வேண்டாம்.

கோடு கீறும் குரூவர் வந்தபடியே வேலை செய்யும். 2 மி.மீ.க்கு மேற்பட்ட தோலில் மட்டும் பயன்படுத்துங்கள், மெல்லிய தோலில் பள்ளம் போட்டால் தையல் வரிசையிலேயே கிழியும். அதற்கு டிவைடரால் ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளிக் கோடு அழுத்தினால் போதும்.

சுழல் பஞ்ச் பிளையர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆறு குழாயில் இரண்டு அடிப்பட்டையின் நடுவில் விழாது, துளை பாதி வெட்டி நார் தொங்கும். அடியில் ஒரு கழிவுத் தோலை வைத்து அழுத்தினால் சமாளிக்கலாம். பெல்ட் துளைக்குத் தனி வட்டப் பஞ்ச் 4 மி.மீ. ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்கிவிடுங்கள். அதன் வெளிச்சரிவை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு வாட்டர் பேப்பர் பிடித்தால் இரண்டே நிமிஷத்தில் கூர்.

ஊசிகள் நுனி கூராக வரும். தோல் தையலுக்கு அது தப்பு. துளை ஏற்கெனவே இருக்கிறது, ஊசி குத்த வேண்டியதில்லை. கூர் ஊசி இரண்டாவதாக வரும்போது முதல் நூலையே குத்திப் பிளந்துவிடும், பிறகு இழுத்து இறுக்க முடியாது. 400 எண் தாளில் நுனியை உருட்டித் தேய்த்து மொட்டையாக்குங்கள். நூல் மெழுகு பூசிய பாலியெஸ்டர், 0.8 அல்லது 1 மி.மீ., குறை சொல்ல முடியாது. தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு வெட்டி, இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரே பக்க ஊசியை முதலில் விட வேண்டும். இந்த வரிசை ஒரு துளையில் மாறினாலும் சாய்வு மாறி அந்த இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி தெரியும். முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரால் உருக்கி அழுத்துங்கள்.

பாபின் வைத்த தையல் குத்தூசி, வளைந்த ஊசிகள், பிளாஸ்டிக் விரலுறை, ஸ்டாம்புகளில் முக்கால்வாசி: டிராயரில் கிடக்கட்டும். பிரஸ் பட்டன் செட்டைக் கழிவுத் தோலில் பத்து முறையாவது அடித்துப் பழகாமல் முடிந்த பர்ஸில் வைக்காதீர்கள். சாய்ந்து சப்பிய பட்டனைப் பிடுங்கினால் தோலோடு வரும்.

ஒட்டு, ஓரம், எண்ணெய்

கிட்டில் ஒட்டு இருக்காது, இருந்தாலும் சின்ன டியூப்பில் காய்ந்துபோய் வரும். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் ஒட்டு வாங்குங்கள். இரு பக்கமும் மெல்லிசாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் சேர்த்துத் தட்டினால் பிடிக்கும். ஈரமாகச் சேர்த்தால் வழுக்கும். முகப்புப் பக்கத்தில் ஒட்ட வேண்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள், இல்லாவிட்டால் பூச்சோடு உரிந்து வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த வாடை தலைவலி தரும். மர வேலைக்கான வெள்ளை ஃபெவிகால் காய்ந்ததும் விறைக்கும், மடிகிற இடத்துக்கு ஆகாது.

வெஜ் டேன் ஓரத்தை 240, 400, 800 என்று தேய்த்து, தண்ணீர் தொட்டுக் கேன்வாஸ் துணியால் சூடேறும்வரை உரசி, தேன்மெழுகில் முடித்தால் கண்ணாடி மாதிரி வரும். கிட்டில் ஓரம் உரச வரும் மர ஸ்லிக்கரின் பள்ளத்தை முதலில் 400-இல் வழவழப்பாக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஓரத்தைக் கீறும். குரோம் தோல் ஓரத்தை எவ்வளவு உரசினாலும் நார் படியாது. அதற்கு எட்ஜ் பெயின்ட், அல்லது உள்ளே மடித்துத் தைப்பது.

முடிந்த சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் பாட்டிலில் எண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். தோலுக்குள்ளும் அதேதான் நடக்கும், முகப்பில் வெள்ளை பூத்து வரும். துணியால் துடைத்து லேசாகச் சூடு காட்டினால் மறையும், குளிரில் திரும்ப வரும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் சில சொட்டு போதும், அதிகம் போனால் தோல் தொளதொளத்துப் பெல்ட் நீளும். ஐப்பசி மழையில் மிச்சத் தோலைப் பாலித்தீனில் சுற்றி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் சுருட்டி, சுவரில் சாய்க்காமல், பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், ஈரக்காற்றில் மை தோலில் ஏறிவிடும், அதை எடுக்க வழியில்லை.